கொன்டென்சருக்கு 1,600 ரூபாய், கண்டுபிடித்ததற்கு 3,500

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடம் வங்கிக் கருமபீடத்துக்குப் பின்னால் இருந்தவனுக்குத் தொகையைச் சொல்லாமல் கதையைத் தொடங்க வராது.

சென்ற வருடம் நகரத்தில் ஒரு கராச்சில் என் ஹொண்டா சி.டி. 200 மோட்டார் சைக்கிளுக்காகக் கொடுத்த காசு: பற்றரி 14,500, கொயில் 9,000, பிளக் இரண்டு 2,200, காபரேற்றர் சாமான்கள் 6,500, கூலி 8,000. மொத்தம் 40,200 ரூபாய். அதற்கு முன்பு எப்படி நடுவழியில் நின்றதோ, அப்படியே புதுப் பற்றரியோடும் புதுக் கொயிலோடும் நின்றது.

இந்த வருடம் யாழ்ப்பாணத்தில் தாவடிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் கராச்சில் கொடுத்தது: கொன்டென்சர் 1,600, பொயின்ற் 1,900, ஏர்த் வயர் 400, பிழை கண்டுபிடித்த கூலி 3,500. மொத்தம் 7,400. ஐந்து மாதமாக ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை.

"பிழை கண்டுபிடித்த கூலி" என்று துண்டில் எழுதியிருந்த வரியைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கழற்றியதற்குக் கூலி கேட்பார்கள், பூட்டியதற்குக் கேட்பார்கள், யோசித்ததற்குமா கேட்பார்கள்? ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு பில்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, சாமான்களை விட்டுப் பார்த்தால் முதல் பில்லில் இல்லாமல் இரண்டாவதில் இருந்தது அந்த ஒரு வரிதான் என்பது கண்ணில் பட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியால் வந்தால், கொக்குவில் கடந்து தாவடிச் சந்திக்குச் சற்று முன்னால் கிழக்குப் பக்கமாக ஓர் ஒழுங்கை இறங்குகிறது. பெயர்ப் பலகை கிடையாது. மதிலில் பழைய ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஒன்றின் சிவப்பு மட்காட் சாத்தி வைக்கப்பட்டிருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் கிணற்றடியோடு ஒட்டிய தகரக் கொட்டில். முதல் தடவை போகிறவர்கள் நாயைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது கடிக்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கடிக்காத நாய் ஏன் அவ்வளவு நெருங்கி வந்து குரைக்கிறது என்பதற்கு ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை.

உரிமையாளருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் "அண்ணை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு 63 வயது. என்னை அவர் "தம்பி" என்கிறார். நானும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. இந்த வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் கிடைப்பது அரிது.

என் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தமையன் 1984 இல் வாங்கியது. இரண்டு சிலிண்டர், 194 சி.சி., இரண்டுக்கும் ஒரே காபரேற்றர், நான்கு கியர், சங்கிலியை முழுவதும் மூடிய தகர உறை. வேகத்துக்குப் பேர் போனது அல்ல. நெல்மூட்டை ஏற்றலாம், முழுக் குடும்பத்தையும் ஏற்றலாம். மணல் பாதையிலும் முக்கி முனகிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். தமையன் கனடாவுக்குப் போனபோது சாவியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் பவுண் விலைக்கு விற்ற நாட்களில், அது மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல்; அதை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒழுங்கை முழுக்கப் புகை. அடுப்பு மணத்தோடு அலுவலகத்துக்குப் போய் இறங்குவேன். அதையும் தாங்கிய எஞ்சின் இது.

பிறகு 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். இருந்த 4 லீற்றரை மகனின் புதுச் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு, இதை விறாந்தையில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். இரண்டு வருடம் அப்படியே இருந்தது. மறுபடியும் எடுத்தபோது தாங்கியில் கிடந்த பெற்றோல் வார்னிஷ் மணத்தது. கழுவினேன், ஓடியது. சந்தோஷப்பட்டேன்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் போகிற வழியில்தான் முதல் தடவை நின்றது. குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டும். வேலணை தாண்டி வாணர் பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு புல்லும் இல்லாத இடத்தில் அடங்கிப்போனது. சோழகக் காற்று சாரத்தைத் தூக்கி முகத்தில் அடிக்கிறது. உதைத்தேன், உதைத்தேன். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்ராட் ஆனது. படகு போய்விட்டது.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. காலையில் ஒரே உதையில் எழும்பும், அரை மணி நேரம் ராசா மாதிரி ஓடும், பிறகு நிற்கும். கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஓடும். நாளாக நாளாக அரை மணி நேரம் இருபத்தைந்து நிமிடமாகக் குறைந்தது.

இதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தடவை நின்றபோது பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. மூடியில் காற்றுத் துளை அடைத்தால் பெற்றோல் இறங்காது என்பது எனக்குத் தெரியும். அதையே பிடித்துக்கொண்டேன். நகரத்துக் கராச்சுக்குப் போனபோதும் "பெற்றோல் பிரச்சினை" என்று நான்தான் முதலில் சொன்னேன். ஆகவே காபரேற்றர் சாமான்களுக்குக் கொடுத்த 6,500 ரூபாயில் என் வாய்க்கும் பங்கு உண்டு. மற்றவற்றை அவர்களே ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். இப்போது வருகிற மோட்டார் சைக்கிள்களில் பெட்டி பெட்டியாக மூடிய பாகங்கள்தான். சந்தேகமான பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியைப் பூட்டுகிற வேலை அங்கே சரிவரும். நாற்பது வருடப் பழைய சாமானில் அந்த முறையைக் கையாண்டால் பில் நீளும், அவ்வளவுதான். அதோடு அவர்கள் ஒவ்வொரு நாளும் காலையில் கராச் திறந்ததும், இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினைத்தான் சோதித்தார்கள். ஆறியிருக்கும்போது அதில் ஒரு பிழையும் கிடையாது.

தாவடியில் அண்ணை முதல் நாள் ஒரு சாவியையும் கையில் எடுக்கவில்லை. வாங்கில் உட்காரச் சொன்னார். பிளேன்ரீ வந்தது. பிறகு கேட்டார்:

"நிற்கும்போது எப்படி நிற்கிறது தம்பி? விளக்கை ஊதி அணைத்த மாதிரியா, எண்ணெய் வற்றிய விளக்கு மாதிரியா?"

யோசித்தேன். தெரியவில்லை.

"எத்தனை தடவை நின்றது?"

"பத்துத் தடவைக்கு மேல் இருக்கும்."

"பத்துத் தடவை நின்றும் பார்க்கவில்லையா?"

ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு எட்டு மணி வரை லெட்ஜரைப் புரட்டியவனிடம் இப்படி ஒரு கேள்வி. வெட்கமாக இருந்தது. அவர் விளக்கினார். பெற்றோல் வராமல் நிற்கிற எஞ்சின் இருமி, தளர்ந்து, இழுபட்டுத்தான் நிற்கும். அந்த நேரத்தில் சோக்கை இழுத்தால் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடும். மின்சாரம் அறுந்து நிற்கிறது என்றால் சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று போகும். சில நேரம் சைலன்சரில் ஒரு வெடி கேட்கும்.

நான் "உஸ்" சத்தத்தைச் சொன்னேன். என் துருப்புச் சீட்டு அதுதான். அவர் தலையாட்டினார்.

"சத்தம் உண்மையாக இருக்கும். மூடியைத் திறந்து எவ்வளவு நேரத்தில் ஸ்ராட் ஆனது?"

"அதே கால் மணி நேரம்."

"மூடிதான் காரணம் என்றால், திறந்த கையோடு பெற்றோல் இறங்க வேண்டும். காபரேற்றர் கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் போதும். கால் மணி நேரம் என்பது பெற்றோலின் கணக்கு இல்லை தம்பி. அது ஏதோ ஒன்று சூடாறுகிற கணக்கு."

ஒரு வருடமாக எனக்குத் தெரிந்திருந்த அதே தகவல்தான். நின்றதும் தெரியும், கால் மணி நேரம் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து அவர் கேட்டது: நிற்கும்போது இரண்டு சிலிண்டரும் ஒன்றாக நிற்கின்றனவா, ஒன்று முதலில் போகிறதா? இதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்றாகத்தான். அதற்கு அவர் சொன்ன விளக்கத்தைக் கேட்டபோதுதான் 1984 இலிருந்து நான் ஏறி உட்கார்ந்த சாமான் எப்படி வேலை செய்கிறது என்றே எனக்கு விளங்கியது. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்ரனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுகிற பொயின்ற் ஒன்று, அதோடு சேர்ந்த கொன்டென்சர் ஒன்று, பொறிக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கிற கொயில் ஒன்று; அந்த ஒரே கொயிலிலிருந்து இரண்டு வயர் இரண்டு பிளக்குக்கும் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒரு பக்கத்துப் பொறி எரிக்கும், மற்றப் பக்கத்துப் பொறி புகையோடு வெளியே போகிற நேரத்தில் வீணாகும். அடுத்த சுற்றில் பக்கம் மாறும். ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் போனால் அந்தப் பக்கத்துப் பிளக்கை, தொப்பியை, வால்வை, றிங்கைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பிளக்கும் ஒரே விநாடியில் பழுதாகாது. என் 2,200 ரூபாய் அந்த வாக்கியத்தில் போனது.

பிறகு வீட்டு வேலை கொடுத்தார். உண்மையாகவே வீட்டு வேலைதான். ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். மோட்டார் சைக்கிளைக் கொண்டு போய், நிற்கிற வரை ஓட்டி, நின்றதும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒழுங்கு சொல்லி, ஒரு பழைய பிளக்கையும் கட்டையான ஸ்குறூ டிரைவர் ஒன்றையும் தந்தார். கழற்றிப்போட்ட பழைய கொயில் வீட்டில் இருந்தால் அடுத்த தடவை அதையும் கொண்டுவரச் சொன்னார். "நான் இங்கே கொட்டிலில் உட்கார்ந்து கொண்டு கண்டுபிடிக்க முடியாது. பிழை வருகிற இடத்துக்குப் போய்ப் பிழையைப் பிடிக்க வேண்டும்" என்றார். என் வேலையை என்னிடமே செய்வித்துவிட்டு அதற்கு 3,500 வாங்கினார் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். அதுவும் ஒரு பார்வைதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பண்ணைப் பக்கம் போனேன். வாணர் பாலம் வரை போக மனம் வரவில்லை. பண்ணைப் பாலத்தால் போய் அல்லைப்பிட்டி வரை ஓடித் திரும்பும்போது, 26 ஆவது நிமிடத்தில் நின்றது. இந்தத் தடவை கவனித்தேன்: ஊதி அணைத்த மாதிரி. ஒரு வெடியும் கேட்டது. கொப்பியில் எழுதினேன். உடனே மூடியைத் திறந்து உதைத்தேன், ஓடவில்லை. எழுதினேன். காபரேற்றர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன ஆணியைத் தளர்த்தினேன். பெற்றோல் கையில் கொட்டியது. அதையும் எழுதினேன். என் மூடிக் கதை அந்த இடத்தில் முடிந்தது.

அடுத்தது பொறி. இங்கே ஒரு நுணுக்கம் சொல்லித் தந்திருந்தார். இந்த வகைக் கொயிலில் மின்சாரம் ஒரு பிளக்கால் இறங்கி, எஞ்சின் இரும்பு வழியாகப் போய், மற்றப் பிளக்கால் ஏறித் திரும்புகிறது. ஒரு வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டால் மற்றப் பக்கத்துப் பொறியும் கெட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு "கொயில் போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. கழற்றிய வயரில் வேறொரு பிளக்கைக் கொழுவி, அதன் உடலை எஞ்சினில் தொட வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் பொறி தெரியாது, எதையாவது போட்டு மறைக்க வேண்டும். நான் சேர்ட்டைக் கழற்றிப் போர்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். பக்கத்தில் மீன் பிடிக்கிற களங்கட்டி பார்த்துவிட்டு வந்த ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஐயா, பெற்றோல் இருக்கிறதா?" என்று கேட்டார். கையிலிருந்து சொட்டுவதைக் காட்டினேன். போய்விட்டார்.

பொறி இருந்தது. ஆனால் மெல்லிய மஞ்சள் நூல் மாதிரி, ஒன்று விட்டு ஒன்று. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தேன்: நீலமாக, சடசடவென்று. அப்போதே எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது. ஆனால் எதுவென்று தெரியாது.

தாவடியில் கொப்பியை வாங்கி வாசித்த அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முக்கால் மணி நேரம் ஆளைக் காணவில்லை. வந்ததும், எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, கொட்டிலின் கதவைச் சாத்தி, யன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, பொயின்ற் மூடியைக் கழற்றினார். "வந்து பாருங்கள்" என்றார். இருட்டில் பொயின்றின் இரண்டு முனையும் பிரிகிற இடத்தில் மின்மினிப் பூச்சிகள் மாதிரி நீலப் பொறி பறந்து கொண்டிருந்தது. பிளக்கில் இருக்க வேண்டிய பொறி இங்கே இருக்கிறது என்றார். பொயின்ற் பிரியும்போது மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அதைத் தானே வாங்கிக்கொண்டு பாயவிடாமல் தடுப்பதுதான் கொன்டென்சரின் வேலை. தடுத்தால்தான் கொயிலில் மின்சாரம் வெட்டினாற்போல் நிற்கும். அப்படி நின்றால்தான் பிளக்கில் நல்ல பொறி கிடைக்கும். பழைய கொன்டென்சர் ஆறியிருக்கும்போது தன் வேலையைச் செய்கிறது, சூடேறினால் கைவிடுகிறது. விரல் நுனி அளவான ஒரு தகரக் குழாய்.

இங்கேதான் எனக்கு அவரில் மரியாதை வந்தது. பழையதைக் கழற்றிவிட்டு, வேறொரு கொன்டென்சரை இரண்டு கிளிப்பால் வெளியே தொங்கவிட்டுப் பிடித்தார். மின்மினிகள் அடங்கின. ஒன்றிரண்டு மட்டும். சரி, முடிந்தது என்று நான் எழும்பினேன். அவர் பழையதை மறுபடியும் கொழுவினார். மின்மினிகள் வந்தன. மறுபடியும் மற்றது, அடங்கின. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் யன்னல் சாக்கை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "ஒரு தடவை சரியானால் நான் வயரை அசைத்ததால் சரியானதா, கொன்டென்சரால் சரியானதா என்று எனக்கு எப்படித் தெரியும்?" வங்கியில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர்களில் ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நான் கொண்டுபோயிருந்த பழைய கொயிலையும் மீற்றர் வைத்து அளந்தார். நல்ல கொயில். அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. 9,000 ரூபாய்க்கு நான் வாங்கிய பாடம் என்று மகன் அதன் மேல் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறான்.

பொயின்ற் முகம் கருகிக் குழி விழுந்திருந்ததால் அதையும் மாற்றி, இடைவெளியை 0.3 மில்லிமீற்றருக்கும் 0.4 இற்கும் நடுவில் வைத்தார். பற்றரியிலிருந்து சட்டத்துக்கு வருகிற ஏர்த் வயரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. பாலங்களில் உப்புக் காற்றில் ஓடுகிற எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் இது வரும், தீவுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தால் தாம் முதலில் பார்ப்பதே இதைத்தான் என்றார். தாங்கி மூடியின் துளையையும் ஊசியால் குத்திவிட்டார். அதற்குக் காசு எடுக்கவில்லை. "உங்கள் கண்டுபிடிப்புக்கும் ஒரு மரியாதை" என்றார்.

அவர் எங்கே பழகினார் என்று கேட்டதற்கு நேராகப் பதில் வரவில்லை. தடைக் காலத்தில் பழகியது என்றார். சாமான் இல்லை, பெற்றோல் இல்லை, ரோச் பற்றரி கூட இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியை உழக்கி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. மாற்றிப் பார்க்க இரண்டாவது கொயில் கிடையாது என்றால், இருக்கிற கொயில் பழுதா இல்லையா என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சின் ஓயிலில் கலந்து அதை நீராக்கும், பிளக்கைக் கரியாக்கும், ஏற்றத்தில் எஞ்சினை இடிக்க வைக்கும். ஆகவே எது எஞ்சினின் பிழை, எது மண்ணெண்ணெயின் பிழை என்று பிரித்துப் பார்க்கவே ஒரு கண் வேண்டியிருந்ததாம். இதைச் சொல்லும்போது அவரிடம் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. பல்பில் இரண்டு வயர் பூட்டிய ஒரு சாமானை அந்த நாளிலிருந்து வைத்திருக்கிறார். பொயின்ற் எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்க்க இன்றும் அதைத்தான் எடுக்கிறார். மீற்றர் பக்கத்தில்தான் கிடக்கிறது.

நான் காத்திருந்த நாட்களில் மற்றவர்களின் வியாதிகளையும் பார்த்தேன். ஒரு சிலிண்டர் ஓடவில்லை என்று வந்த இன்னொரு இரட்டைச் சிலிண்டர் ஹொண்டாவுக்கு, ஸ்ராட் செய்து ஒரு நிமிடத்தில் இரண்டு சைலன்சர் குழாயிலும் தண்ணீர் தெளித்தார். ஒன்றில் சுர்ரென்றது, மற்றதில் வழிந்தது. பிழையான பக்கம் தெரிந்துவிட்டது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது சாவகச்சேரியிலிருந்து லான்ட் மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பி.எஸ்.ஏ. பான்ரம் மோட்டார் சைக்கிள். 1948 இல் வந்த மாதிரி, 123 சி.சி., இரண்டடிப்பு எஞ்சின். போரில் தோற்ற ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிளின் வரைபடத்தை இங்கிலாந்துக்காரர்கள் இழப்பீடாக எடுத்துச் செய்தது என்று அதன் சொந்தக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். சொன்னது சரிதான். அவருக்கு வயது எண்பதுக்குக் கிட்ட இருக்கும். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை. அவருடைய முறைப்பாடு: புகை கக்குகிறது, பிளக் ஓயில் பிடிக்கிறது, பிஸ்ரன் தேய்ந்துவிட்டது என்று யாரோ சொல்லி, சிலிண்டரைக் கடைய வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார்.

அண்ணை கேட்டது சில கேள்விகள்தான். "கியர்ப் பெட்டியில் ஓயில் குறைகிறதா ஐயா?"

"மாதம் ஒரு தடவை விடுவேன்."

"நிறுத்துகிற இடத்தில் ஓயில் கறை இருக்கிறதா?"

"ஒரு சொட்டும் இல்லை. மாபிள் நிலம்."

"நிலத்தில் இல்லை என்றால் எங்கே போகிறது?"

பெரியவர் கொஞ்ச நேரம் சால்வையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புகையாகப் போகிறது." அந்த எஞ்சினில் கியர்ப் பெட்டிக்கும் கிளச் பக்கத்துக்கும் ஒரே ஓயில். கிராங்கின் அந்தப் பக்கத்து ஓயில் சீல் தேய்ந்தால், இரண்டடிப்பு எஞ்சின் உள்ளே இழுக்கிற மூச்சோடு கியர் ஓயிலையும் இழுத்து எரிக்கும். சிலிண்டரைக் கடைந்திருந்தால் காசும் போயிருக்கும், புகையும் இருந்திருக்கும். அந்தக் கேள்விகளுக்கும் பெரியவரிடம் 3,500 வாங்கினார். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் எண்ணிக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ உறவுக்காரன் என்று நினைப்பீர்கள்.

தொலைபேசியில் பிடிக்க முடியாது. எடுக்க மாட்டார். நேரில் போய்க் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். எழுதினாலும் எப்போது கூப்பிடுவார் என்று கேட்கக்கூடாது. எனக்குப் பதினெட்டு நாள் எடுத்தது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கராச் பூட்டு. இதில் சமரசம் கிடையாது. எரிபொருளைக் கணினி தெளிக்கிற புது மோட்டார் சைக்கிள்களைத் தொட மாட்டார். அவற்றைக் கொண்டுவருகிற பொடியன்களை அவர் திருப்பி அனுப்புகிற விதம் கொஞ்சம் கடுமையானது. சாமான் விடயத்திலும் அவரை நம்பிப் போக வேண்டாம்: கொன்டென்சர், பொயின்ற் மாதிரிச் சில்லறைச் சாமான்கள் இருக்கும், மற்றவற்றை நீங்கள்தான் தேடிக் கொண்டுவர வேண்டும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை நின்றிருந்த காலத்தில் பழசுகளுக்கு மதிப்பு ஏறி, பழசுகளின் சாமானுக்கும் தட்டுப்பாடு ஏறிவிட்டது. புதுக் கொன்டென்சரே பூட்டிய மறுநாள் சூட்டில் கைவிட்ட கதைகளும் அவரிடம் உண்டு. அதனால், தாம் விற்கிற கொன்டென்சரையும் ஒரு நாள் கொதிக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் காசு வாங்குகிறார்.

அட்டை எடுப்பதில்லை. பில் என்பது சிகரெட் பெட்டி மட்டையில் பென்சிலால் எழுதிய நான்கு வரி. வங்கிக்காரனாக இதை நான் கண்டிக்கிறேன். கூட்டல் சரியாக இருந்தது.

இன்னொன்று, சிலருக்கு முக்கியமாக இருக்கும்: பிழையைக் கண்டுபிடித்த பிறகு திருத்துவது வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் 3,500 ரூபாய் கொடுக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் வாங்க மாட்டார். அப்படி அவர் காசு வாங்காமல் அனுப்பிய ஒருவரைச் சந்தித்தேன். வயரை எல்லாம் வெட்டிச் சிவப்பு, கறுப்பு என்ற வித்தியாசம் இல்லாமல் ஒட்டு நாடா சுற்றிக் கொண்டுவந்த ஒரு ஹொண்டா சி. 90 மோட்டார் சைக்கிள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "முழு வயரையும் புதிதாக இழுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று தேநீரும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சென்ற கிழமை தமையன் ரொறொன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் என்னுடைய சுகத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளின் சுகத்தை விசாரிப்பவர். ஸ்ராட் செய்து போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இடப் பக்கத்து ரப்பெற் தட்டுகிறது, வயதாகிவிட்டது அதுக்கும்" என்று குரல் தழுதழுத்தார். ரப்பெற் என்றால் எஞ்சினுக்குள் வால்வை அசைக்கிற பாகம்; எனக்கும் பயம் பிடித்தது. மறுநாள் தாவடிக்குக் கொண்டு போனேன். அண்ணை ஸ்குறூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தார். வலம், இடம், மேல், கீழ். பிறகு எழும்பிப் போய்ச் சங்கிலி உறையைக் கையால் அமத்திப் பிடித்தார். சத்தம் நின்றது. ஓர் ஆணி கழன்றிருந்தது. பூட்டிவிட்டு, இதற்குக் காசு வேண்டாம், போங்கள் என்றார்.

தமையனிடம் இன்னும் சொல்லவில்லை. ரப்பெற் சரிசெய்தாகிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.